நெயில் கன் காயங்கள்: தப்பு கையிலா, ட்ரிகரிலா?

காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் நெயில் கன்னை வாங்கப் போகிறவர் கடையில் என்ன கேட்பார் என்பது தெரிந்ததுதான். எத்தனை எம்.எம். ஆணி போகும், கம்ப்ரஸர் எத்தனை எச்.பி. வேண்டும், பார்ட்ஸ் கிடைக்குமா, கடைசி விலை என்ன. ட்ரிகர் எந்த வகை என்று கேட்பவர் அபூர்வம். அந்த கன்னைப் பிடித்து வேலை செய்யப்போகிறவரின் விரல்களுக்கு முக்கியமான கேள்வி அது ஒன்றுதான். வாங்குகிறவர் முதலாளி, பிடிக்கிறவர் வேறொருவர் என்பதால் அந்தக் கேள்வி எழாமலே போகிறது.

வடசென்னையில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என்று ஒரே கரையில் அடுத்தடுத்து மூன்று துறைமுகங்கள். கப்பலேறும் இயந்திரம், வால்வு, கிரானைட் எல்லாவற்றுக்கும் அடியில் மர பேலட், அதாவது சரக்கைத் தாங்கும் மரத் தட்டு, வேண்டும், சுற்றிலும் மரப்பெட்டி வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் மரம் என்றால் பூச்சி போகக்கூடாது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நிற்கவேண்டும் என்பது ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி சொல்லும் வழிகளில் ஒன்று. கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை அதற்குத்தான். அந்த முத்திரை விழுந்த கட்டைகளைப் பேலட்டாகவும் பெட்டியாகவும் அடித்துத் தரும் வேலை, மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கத்துத் தகரக் கொட்டகைகளில் நடக்கிறது. இன்னொரு பக்கம் பெரம்பூர், வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் ப்ளைவுட் அலமாரி அடிக்கும் ஆசாரிகளும், சோபாவுக்குத் துணி போடும் பட்டறைகளும் சின்ன கம்ப்ரஸரோடு சின்ன கன்னுக்கு மாறி வெகுநாளாகிறது.

சுத்தியலில் மூன்று நான்கு அடி வாங்கும் ஆணியை கன் ஒரே தட்டில் இறக்குகிறது. ஐரோப்பிய அளவுப் பேலட் ஒன்றுக்கு 78 ஆணி. ஆள் ஒருவர் நாளைக்கு நூறு பேலட் அடித்தால் 7,800 தடவை ட்ரிகர். இத்தனை தடவையில் ஒன்று பிசகினால் போதும்.

கன்னுக்குள் நடப்பது எளிய விஷயம். 70 முதல் 120 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஹோஸ் வழியாக வரும் காற்று உள்ளே தேங்கி நிற்கிறது. வால்வு திறந்ததும் அது பிஸ்டனைத் தள்ள, பிஸ்டனின் முனையில் இருக்கும் இரும்புப் பட்டை வரிசையில் முன்னால் நிற்கும் ஆணியைப் பிரித்து அடிக்கிறது. மிச்சக் காற்று பிஸ்டனைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிடுகிறது. கண்ட இடத்தில் ஆணி பறக்காமல் இருக்க முனையில் ஒரு கம்பி மூக்கு உண்டு. மூக்கு மரத்தில் அழுந்தினால்தான் கன் அடிக்கும். இதுவரை எல்லா நல்ல கன்னும் ஒன்றுதான். அடுத்ததில்தான் வித்தியாசம்.

சீக்குவென்ஷியல் ட்ரிகர் ஒழுங்கு பார்க்கும். முதலில் மூக்கை மரத்தில் அழுத்தவேண்டும், பிறகு ட்ரிகர். அடுத்த ஆணிக்கு விரலை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். காண்டாக்ட் ட்ரிகருக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ட்ரிகரைப் பிடித்தபடியே கன்னை மரத்தில் தட்டிக்கொண்டே போகலாம், தட்டுக்கு ஒரு ஆணி. பேலட் கொட்டகையில் டப் டப் டப் என்று நிற்காமல் கேட்கும் சத்தம் பெரும்பாலும் இதுதான். இந்த வகையில் மூக்கு எதில் முட்டினாலும் கன்னுக்கு அது மரம்தான். தொடையாக இருக்கலாம், பலகையைப் பிடித்திருக்கும் பக்கத்து ஆளின் மணிக்கட்டாக இருக்கலாம்.

அதைவிட அதிகம் நடப்பது இரட்டை அடி. ஆணி இறங்கிய வேகத்தில் கன் மேலே எகிறுகிறது. புதுசாக வேலைக்கு வந்த பையன் பயத்தில் அதை இன்னும் பலமாகக் கீழே அழுத்துவான். விரல் இன்னும் ட்ரிகரில். எகிறிய மூக்கு மறுபடி எதிலாவது பட, இரண்டாவது ஆணி கிளம்புகிறது. மூளை விரலுக்குச் சொல்லி விரல் எடுபடும் நேரத்துக்குள் இது முடிந்துவிடும். சில சமயம் அந்த ஆணி முதல் ஆணியின் தலையிலேயே பட்டுத் தெறிக்கும். இதைக் கவனம் வைத்துத் தவிர்க்க முடியாது. கவனம் வேலை செய்ய வேண்டிய நேரமே அங்கே இல்லை.

இது என் ஊகமில்லை. அமெரிக்காவில் மர வீடு கட்டும் தொழில் பெரிது என்பதால் நெயில் கன் காயத்தை அங்கே பல ஆண்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2001 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் இந்தக் காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெஸ்டர் லிப்ஸ்கோம்ப் குழு, செயின்ட் லூயிஸ் பகுதியில் தொழில் பழகும் தச்சர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. காண்டாக்ட் ட்ரிகர் பிடித்தவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு சீக்குவென்ஷியல் பிடித்தவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அனுபவத்தையும் பயிற்சியையும் கணக்கில் சேர்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. பயிற்சியும் தனியாக உதவியது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பயிற்சி தேய்கிற இடத்தில் ட்ரிகர் தேய்வதில்லை. இந்த ஆய்வுகளை வைத்துத்தான் 2011இல் அமெரிக்க அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்புகள் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி போட்டன. அதன் முதல் அறிவுரையே முழு சீக்குவென்ஷியல் ட்ரிகர்.

வேகம் போய்விடுமே என்பதுதான் முதலாளியின் பதில். அதையும் அளந்திருக்கிறார்கள். அனுபவமுள்ள தச்சர்கள் பத்துப் பேர் ஒரே அளவில் இரண்டு சின்ன மரக் கூடங்களைக் கட்டினார்கள், ஒன்று இந்த ட்ரிகரில், மற்றது அந்த ட்ரிகரில். ஆணி அடிக்கும் நேரத்தில் காண்டாக்ட் 10 சதவீதம் முந்தியது. வெட்டுவது, அளப்பது எல்லாம் சேர்ந்த மொத்த நேரத்தில் அந்த லாபம் 1 சதவீதத்துக்கும் கீழ். வீட்டு வேலைக்கு இந்தக் கணக்கு பேச்சை முடித்துவிடும். நம் பேலட் கொட்டகைக்கு முடிக்காது, அதையும் சொல்லவேண்டும். அங்கே கட்டை அளவாக வெட்டியே வந்து இறங்குகிறது. நாள் முழுக்க வேலையே ஆணி அடிப்பதுதான். கூலி பீஸ் ரேட்டில் என்றால் அந்த 10 சதவீதம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே போகும். மரத்தில் அழுந்தாமலே கன் அடிக்கட்டும் என்று மூக்கைக் கம்பியால் இழுத்துக் கட்டுகிறவர் சோம்பேறியோ திமிர் பிடித்தவரோ இல்லை. அவருடைய கூலி அப்படிக் கட்டச் சொல்கிறது. ட்ரிகரை மட்டும் மாற்றி பீஸ் ரேட்டை மாற்றாத கொட்டகையில் மாற்றிய ட்ரிகர் ஒரு வாரம் தாங்கினாலே அதிசயம்.

ஐரோப்பியத் தரத்தில் நம் ஆட்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு வரி உண்டு. காண்டாக்ட் ட்ரிகர் கன்னை எங்கே எடுக்கக்கூடாது என்று அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது: ஏணி, சாரம், படிக்கட்டு ஏறி இறங்கும் வேலை, பெட்டிகளையும் கிரேட்டுகளையும் மூடும் வேலை, வண்டிகளில் சரக்கு நகராமல் கட்டை அடிக்கும் வேலை. அதாவது வடசென்னையின் ஏற்றுமதி பேக்கிங் வேலையில் பாதி. பெட்டி மூடும்போது ஆள் ஒரு நிலையில் நிற்பதில்லை. சுற்றி வருகிறார், குனிகிறார், மூடியை ஒரு கையால் அமுக்கிப் பிடிக்கிறார், பெட்டியின் மேல் ஏறி உட்காருகிறார். கன்டெய்னருக்குள் சரக்குக்கு முட்டுக் கொடுக்கும்போது கன்னை நேராகப் பிடிக்கவே இடம் இருக்காது. விதி சும்மா வரவில்லை.

கட்டையும் தன் பங்குக்குப் படுத்தும். பைன் மரத்தின் கணு சுற்றியுள்ள மரத்தைவிடக் கடினமானது. கணுவில் பட்ட ஆணி வளைந்து பலகையின் பக்கவாட்டில் வெளியே வரும், அங்கே பிடித்திருக்கும் விரல்தான் எதிரில். அதனால்தான் அடிக்கும் இடத்திலிருந்து கை குறைந்தது 12 அங்குலம் தள்ளி இருக்கவேண்டும் என்கிறார்கள். நாலு அங்குல ரீப்பரில் ஒரு அடி தள்ளிப் பிடிப்பது எப்படி என்று கேட்டால் கேள்வி நியாயம்தான். கையால் பிடிக்கவே வேண்டாம், கட்டைகள் தானே உட்காரும் ஜிக் மேசை போதும். சட்டமும் தடுப்புக் கட்டையும் வைத்து அதை அந்தக் கொட்டகையிலேயே அடித்துக்கொள்ளலாம். வேகத்தையும் கூட்டும் பாதுகாப்பு ஏற்பாடு அபூர்வம், இது அதில் ஒன்று.

ப்ளைவுட் ஆசாரிகளின் ப்ராட் கன் வேறு மாதிரி. ஆணி கம்பிபோல மெல்லியது, சத்தமும் சின்னது, அதனால் பயமும் போய்விடுகிறது. அந்த ஆணியின் முனை உளிபோலச் சரிந்திருக்கும். மரத்தின் ஓட்டத்தில் சிக்கினால் சரிவுள்ள திசைகளில் ஏதாவது ஒன்றில் சுருண்டு வெளியே வரும். எந்தத் திசையில் சுருளும் என்பதை ஒரு துண்டுக் கட்டையில் அடித்துப் பார்த்து, கையை அதற்குக் குறுக்குப் பக்கமாக வைத்துக்கொள்வது பழகிய ஆசாரியின் சூட்சுமம். சோபா பட்டறை ஸ்டேப்ளர்கள் பலவற்றுக்கு மூக்கே கிடையாது. ட்ரிகரை அழுத்தினால் வெட்டவெளியிலும் பின் பறக்கும். அங்கே காக்கவேண்டியது கண். எதிரே உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடிக்கும் பையனின் கண்ணும் சேர்த்துத்தான்.

ஜாம், அதாவது கன்னுக்குள் சிக்கிய ஆணியை, எடுக்கும்போது வரும் காயத்தில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. ஹோஸைக் கழற்றினால் கன்னில் காற்று இல்லை என்று நினைக்கிறோம். ஹோஸைச் செருக கன்னின் பக்கம் மாட்டியிருப்பது வால்வு இல்லாத சாதாரண நிப்பிள் என்றால் உண்மைதான், கழற்றியதும் உள்ளே இருந்த காற்று வெளியேறிவிடும். கையில் கிடைத்ததை மாட்டுகிறோம் என்று வால்வு உள்ள கப்ளரை கன்னின் பக்கம் மாட்டிவிட்டால், ஹோஸ் போனபிறகும் காற்று உள்ளேயே அடைபட்டிருக்கும். இன்னும் ஒரு ஆணி அடிக்க அது தாராளம். மூக்கில் விரலை விட்டு ஜாம் எடுக்கும் நேரத்தில் அந்த ஒன்று கிளம்பும். கம்ப்ரஸர் ரிப்பேரில் இருக்கும் நாளில் பக்கத்து வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரில் கன்னை மாட்டும் யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள கன்னுக்குள் அழுத்த ஆக்சிஜன் போனால் கன்னே வெடிக்கும்.

காயத்தின் குணம் தெரியாததால்தான் பாதிச் சேதம். வெளியே தெரிவது சின்ன ஓட்டை, ரத்தமும் அதிகம் வராது. "ஒண்ணுமில்லண்ணே, ஆணிதான்" என்று குறடு போட்டு இழுத்து, மஞ்சளோ காபித்தூளோ அப்பி, துணி சுற்றி, அரை மணியில் மறுபடி வேலை. ஆனால் அது வெறும் ஆணி இல்லை. காயிலில், அதாவது சுருளாக, வரும் ஆணிகளைக் கம்பி ஒட்டவைத்துக் கோத்திருக்கும். பட்டையில் வருபவற்றைப் பிளாஸ்டிக்கோ காகிதமோ பசையோ பிடித்திருக்கும். அடிக்கும்போது பிய்ந்த கம்பித் துணுக்கு ஆணியின் உடம்பில் முள்ளாக நிற்கிறது. உள்ளே போகும்போது விட்ட தசைநாரை, வெளியே இழுக்கும்போது அந்த முள் கிழித்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக்கும் பசையும் உள்ளேயே தங்கிச் சீழ் வைக்கும், பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். விரல் மூட்டுக்குள்ளோ தசைநார் உறைக்குள்ளோ கிருமி போனால் இரண்டு நாளில் விரல் வீங்கி மடங்காது. கன் காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும்தான், அந்தக் கைக் காயங்களில் நாலில் ஒன்று தசைநார், மூட்டு, நரம்பு, எலும்பு என்று உள்ளே ஏதோ ஒன்றைக் கெடுத்திருக்கிறது.

ஆக, ஆணியை இழுக்காமல், கை ஆடாமல் கட்டி, அப்படியே ஆஸ்பத்திரிக்கு. அதே காயிலிலிருந்து புது ஆணி ஒன்றையும் எடுத்துப் போனால், உள்ளே இருப்பதில் முள் உண்டா என்று டாக்டர் பார்த்தே தெரிந்துகொள்வார். எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி, கழுவல் எல்லாம் அங்கே. வடசென்னைக்கு இந்த ஒரு விஷயத்தில் கொடுப்பினை உண்டு. பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு நாட்டிலேயே பேர் பெற்றது. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த பிரிவு அது. 2018இல் இரண்டு கையையும் இழந்த ஒருவருக்குக் கை மாற்று அறுவையும் அங்கே நடந்தது. சுற்றுவட்டாரப் பட்டறைகளின் பிரஸ்ஸும் லேத்தும் கன்வேயரும் நசுக்கிய கைகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த இடம். கண்ணில் பட்டால் கழுவாமல், அழுத்தாமல், மேலே ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டி எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு. அது 1819இலிருந்து இருக்கிறது.

இனி பணமும் சட்டமும். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்துக்கு இத்தனை பேர் வேலை செய்தால்தான் செல்லும் என்ற வரம்பு இருந்ததில்லை, மூன்று பேர் கொட்டகைக்கும் அது பொருந்தியது. ஈ.எஸ்.ஐ.க்குப் பொதுவாகப் பத்துப் பேர் வேண்டும், பதிவு செய்திருந்தால் வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும். பழைய சட்டங்களின் இடத்தை இப்போது 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டங்கள் எடுத்திருக்கின்றன, ஆனால் இழப்பீட்டின் அடிப்படைக் கணக்கு 1923 சட்டத்தின் வழியில்தான் போகிறது. உதாரணம் பார்க்கலாம். 30 வயது, கணக்குக்கு எடுத்த மாத ஊதியம் 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய், இது முழு ஊனத்துக்கு. ஒரு கண்ணின் பார்வை போனால் அட்டவணைப்படி 30 சதவீதம், சுமார் 5,61,500. ஆள்காட்டி விரலின் ஒரு கணு போனால் 9 சதவீதம், சுமார் 1,68,500.

நெயில் கன் இந்த அட்டவணையில் நழுவுகிறது. விரல் என்றால் அட்டவணை வெட்டுப்பட்டதை எண்ணும். கன் விரலை வெட்டுவதில்லை, விரல் இருக்கும், மடங்காது. அட்டவணையில் இல்லாத நிரந்தரக் காயத்துக்குச் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்று டாக்டர் மதிப்பிட்டுச் சான்று தரவேண்டும். முதல் நாள் சீட்டு இல்லாமல், எக்ஸ்ரே இல்லாமல், குறடால் பிடுங்கிய காயத்துக்கு அந்தச் சான்றை எதை வைத்து எழுதுவார்?

கவனக்குறைவாக இருந்தான், அதனால் காசு இல்லை என்று சொன்னால் சட்டம் ஏற்காது. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டுக்குத் தடை இல்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு கத்திபோல இருக்கிறது. தொழிலாளியின் பாதுகாப்புக்காக வைத்தது என்று தெரிந்தே ஒரு சாதனத்தை அவர் வேண்டுமென்றே நீக்கியிருந்தால், சாவோ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்று வாதாடலாம். கம்பியால் கட்டிய மூக்கு இங்கேதான் வந்து நிற்கிறது. கட்டச் சொன்னது மேஸ்திரியாக இருக்கும், கட்டிய நிலையிலேயே கன் கைக்கு வந்திருக்கும், கேஸில் மட்டும் அது தொழிலாளி கட்டியதாகிவிடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, போன மாதம் கன் பிடித்தவர் அங்கே என்ன சாட்சி சொல்வார்? காயம் பட்ட அன்றே கன்னை மூக்கோடு ஒரு போட்டோ எடுத்து வைப்பது சின்ன வேலை, பின்னால் பெரிய வேலைக்கு ஆகும்.

எண்ணிக்கை மேலே போகாததற்கும் சட்டத்திலேயே ஒரு காரணம் இருந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, சாவு இல்லாத காயம் என்றால், ஆள் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வரமுடியாமல் போனால்தான் முதலாளி அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டியிருந்தது. தினக்கூலிக்காரர் ஓட்டை விழுந்த கையோடு மறுநாளே வந்துவிடுகிறார். அவர் வந்ததால் விபத்து புத்தகத்தில் இல்லை. பத்தாம் நாள் விரல் மடங்காதபோது அதை அந்த ஆணியோடு சேர்த்துச் சொல்ல யாரிடமும் காகிதம் இல்லை.

மறுபடி கடைக்கு வருவோம். ட்ரிகர் எந்த வகை என்பதை அட்டைப் பெட்டியில் தேடவேண்டாம், விலை குறைந்த கன்களில் எழுதியே இருக்காது. ஆணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடையின் கம்ப்ரஸரில் மாட்டச் சொல்லுங்கள். ட்ரிகரை முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு மூக்கை ஒரு துண்டுக் கட்டையில் அழுத்துங்கள். அடித்தால் காண்டாக்ட். அடிக்காமல் நின்று, ட்ரிகரை விட்டு மூக்கை முதலில் அழுத்திய பிறகே அடித்தால் சீக்குவென்ஷியல். சில கம்பெனிகள் சீக்குவென்ஷியல் ட்ரிகரைத் தனிப் பாகமாகவும் விற்கின்றன, இருக்கிற கன்னிலேயே மாற்றிக்கொள்ளலாம். அது இல்லை என்று கடைக்காரர் சொன்னால், ஆர்டர் போட்டு வரவழைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள்.